எடைக்குப் போடுமுன் ஒரு வார்த்தை: நெல்லை–குமரி ஏரியா தியேட்டர் முதலாளிமார்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய முதலாளிமார்களுக்கும் விநியோகஸ்தர் அண்ணாச்சிமார்களுக்கும் வணக்கம்.

உங்களில் பலருக்கு என் முகத்தைப் பார்த்தால் அடையாளம் தெரியும். பெயர் தெரிந்திருக்காது. 'தாள்காரப் பையன்' என்றுதான் கூப்பிடுவீர்கள். நம் ஏரியாவின் சினிமா வசூலைச் சொல்லிப் புதன்கிழமை ராத்திரி அச்சாகும் நாலு பக்க வாரத் தாளை வியாழக்கிழமை காலையில் உங்கள் மேனேஜர் மேசையில் கொண்டுவந்து போட்டவன் நான். மாதக் கடைசியில் சந்தாவுக்கும் விளம்பரப் பாக்கிக்கும் வந்து, கேட் கீப்பர் ஸ்டூலில் மணிக்கணக்காகக் காத்துக் கிடந்தவனும் நான்தான். 'முதலாளி குளிக்கப் போயிருக்கார்' என்ற பதிலை அத்தனை தடவை கேட்டிருக்கிறேன். அந்தக் கணக்குப்படி பார்த்தால் நம் ஏரியா முதலாளிமார் மாதிரிச் சுத்தமானவர்கள் வேறெங்கும் இருக்க முடியாது.

பழைய பாக்கி கேட்டு எழுதவில்லை, பயப்பட வேண்டாம். அது போன கணக்கு. இப்போது கேட்பது வேறு.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை நீங்கள் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். ஸ்ரீவைகுண்டத்தில் திருச்செந்தூர் ரயில் தண்ணீருக்கு நடுவில் நின்றது. திருநெல்வேலியில் கைலாசபுரம், மீனாட்சிபுரம் பக்கமெல்லாம் தாமிரபரணி வீட்டுக்குள் வந்தது. அந்தப் பக்கத்தில் ஒரு வீட்டின் கீழ்த்தளத்தில்தான் நம் தாளின் முழுத் தொகுதியும் இருந்தது. வருஷம் வருஷமாகத் தைத்து, காலிகோத் துணி ஒட்டி, முதுகில் வருஷம் எழுதி, பிளைவுட் பெட்டியில் வைத்திருந்தோம். மூன்றாம் நாள் தண்ணீர் வடிந்து உள்ளே போனபோது பெட்டி வீங்கி வெடித்திருந்தது. கட்டுகளைத் தூக்கினால் தோசை மாவு மாதிரிக் கையோடு வந்தது. வெயிலில் காயவைத்துப் பார்த்தோம். காய்ந்தது, ஆனால் பக்கம் பிரியவில்லை. செங்கல் மாதிரி ஆகிவிட்டது. சம்மட்டியால் அடித்தாலும் உடையாத செங்கல். உள்ளே இந்த ஏரியாவின் முப்பது வருஷ வசூல்.

ஆக, இனி அந்தத் தாள் எங்காவது இருக்கிறது என்றால் உங்கள் பரணிலோ, மேனேஜர் அறை மர அலமாரியின் அடித்தட்டிலோ, ஆபரேட்டர் ரூமில் புரொஜெக்டர் விளக்குக்கான கார்பன் குச்சி டப்பாவுக்கு அடியிலோதான். அதை எடைக்குப் போட்டுவிடாதீர்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

வெளியாட்களும் இதை வாசிக்கக்கூடும், அவர்களுக்காக நாலு வார்த்தை. சினிமா வியாபாரத்தில் தமிழ்நாட்டுக்கு மாவட்டக் கணக்கு கிடையாது, ஏரியாக் கணக்குதான். கோவை ஒரு ஏரியா, சேலம் ஒரு ஏரியா, திருச்சி–தஞ்சை ஒன்று, மதுரை–ராமநாதபுரம் ஒன்று. தெற்கே கடைசியில் நாம், திருநெல்வேலி–கன்னியாகுமரி. சுருக்கமாக டி.கே. எல்லாவற்றிலும் சின்ன ஏரியா, விலையும் எப்போதும் குறைச்சல்தான். கன்னியாகுமரியும் செங்கோட்டையும் 1956 நவம்பர் 1-ல் தமிழ்நாட்டோடு சேர்ந்தன. 1986-ல் தூத்துக்குடி தனி மாவட்டமாயிற்று, 2019-ல் தென்காசி. கலெக்டர் ஆபீஸ்கள் பெருகின, ஏரியா மட்டும் பிரியவே இல்லை. புளியங்குடிக்காரரும் குளச்சல்காரரும் இன்றைக்கும் ஒரே வியாபாரத்தில்தான் இருக்கிறார்கள்.

தாள் எப்படிப் பிறந்தது என்று உங்கள் பிள்ளைகளுக்குத் தெரியாது. உங்களில் மூத்தவர்களுக்குத் தெரியும். அண்ணாச்சி (ஆசிரியரை நாங்கள் எல்லாரும் அப்படித்தான் சொல்வோம், நானும் அப்படியே எழுதுகிறேன்) அடிப்படையில் ரெப். விநியோகஸ்தர் சார்பில் தியேட்டரில் உட்கார்ந்து, டிக்கெட் புத்தகத்தின் தொடக்க நம்பரும் முடிவு நம்பரும் பார்த்து, டி.சி.ஆர். என்கிற அன்றாட வசூல் கணக்குத் தாளில் கையெழுத்துப் போட்டு அனுப்புகிற வேலை. ஒரு வாரம் அம்பையில், மறுவாரம் சங்கரன்கோவிலில், அதற்கடுத்த வாரம் திசையன்விளையில். படுக்கை தியேட்டர் ஆபீஸ் பெஞ்சில். போகிற ஊரிலிருந்தெல்லாம் கூட்டாளிகளுக்குத் தபால் கார்டு போடுவார். 'இன்ன படம் இங்கே மூணு நாளில் படுத்தாச்சு, எம்.ஜி. போட்டு எடுத்துராதீரும்' என்கிற மாதிரி. எம்.ஜி. என்றால் மினிமம் கேரண்டி, படம் ஓடினாலும் ஓடாவிட்டாலும் முன்னாலேயே கட்டுகிற தொகை.

அந்தக் கார்டுகளுக்கு இருந்த மதிப்பை இன்றைக்கு விளக்குவது கஷ்டம். டிரங்க் கால் போட்டுவிட்டு அரை நாள் காத்திருந்த காலம். ஏரியா முழுவதற்கும் ஒரு படத்துக்கு விரல் விட்டு எண்ணக்கூடிய படச்சுருள் பெட்டிகள்தான் வரும். திருநெல்வேலி, நாகர்கோவில், தூத்துக்குடியில் ஓடி முடித்து, தென்காசிக்கும் கோவில்பட்டிக்கும் போய், அங்கிருந்து சுரண்டைக்கும் களக்காட்டுக்கும் வந்து, கடைசியில் ஏதோ ஒரு டூரிங் கொட்டகையில் கீறல் மழையாகக் கொட்டிக்கொண்டு ஓடும்போது படத்துக்கு ஒரு வயது ஆகியிருக்கும். கீழே இருக்கிற சி செண்டர்காரர், அதாவது சின்ன ஊர்த் தியேட்டர்காரர், எந்தப் படத்துக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்று முடிவு செய்ய ஒரே வழி, மேலே அது எப்படி ஓடியது என்று தெரிந்துகொள்வது. விநியோகஸ்தரைக் கேட்டால் 'பிய்ச்சுக்கிட்டுப் போகுது' என்பார். மேலே ஓட்டிய பெரிய ஊர்த் தியேட்டர்காரரைக் கேட்டால், பங்கு கொடுக்கிற பயத்தில், 'ஈயாடுது' என்பார். இரண்டுக்கும் நடுவில் நிஜம் எங்கேயோ இருக்கும். அந்த நடுவைத்தான் அண்ணாச்சி கார்டில் எழுதினார். கார்டு பெருகி சைக்ளோஸ்டைல் ஆயிற்று. சைக்ளோஸ்டைல் மை சட்டையில் ஒட்டுகிறது என்று நீங்களே புகார் சொன்ன பிறகு டவுனில் ரத வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் டிரெடில் பிரஸ்ஸுக்குப் போனது. பத்து வயதில் நான் அந்தப் பிரஸ்ஸில் எழுத்துப் பிரித்துப் போடச் சேர்ந்தவன்.

பிரஸ் என்றதும் ஒன்று சொல்லியாக வேண்டும், இந்த மடலுக்கே அதுதான் முக்கியம்.

வசூல் பக்கத்துக்கு நிறைய சைபர் வேண்டும். சாதாரணப் பிரஸ்ஸில் கல்யாணப் பத்திரிகையும் பில் புக்கும் அடிப்பார்கள். அச்செழுத்து அடுக்கி வைக்கிற கேஸில் சைபர் அச்சு கொஞ்சம்தான் இருக்கும். எங்கள் வசூல் பக்கத்தில் பாதியிலேயே சைபர் தீர்ந்துபோகும். கம்பாசிட்டர் என்ன செய்வார்? வேறு எழுத்து வகையில் கிடக்கிற ஆங்கில 'ஓ' எழுத்தை எடுத்துச் சொருகிவிடுவார். அது கொஞ்சம் தடியாக, வட்டமாக விழும். அப்படியே அடித்து அனுப்பினோம். முதல் இரண்டு வாரம் யாரும் கவனிக்கவில்லை. மூன்றாவது வாரம் வள்ளியூர்ப் பக்கத்து முதலாளி ஒருவர் அண்ணாச்சியைக் கேட்டார்: 'என்னவே, என் தியேட்டர் கணக்கில மட்டும் சைபர் கொழுத்துக் கெடக்கு? நான் கூட்டிச் சொன்னேம்னு குத்திக் காட்டுதீரா?'

அண்ணாச்சிக்குப் பொறி தட்டியது. அடுத்த வாரத்திலிருந்து அதையே முறையாக்கிவிட்டார். அவரே சரிபார்த்த தொகைக்கு மெலிந்த சைபர். வாய் வார்த்தையாக வந்த, நம்பிக்கையில்லாத தொகைக்குக் கொழுத்த சைபர். இதை எங்கேயும் அறிவிக்கவில்லை. ஆனாலும் ஒரு மாதத்தில் நாகர்கோவில் வரை எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. உங்கள் தகப்பனார்கள் தாளைப் பிரித்ததும் தொகையைப் பார்ப்பதற்கு முன்னால் சைபரைத்தான் பார்த்தார்கள். லென்ஸ் வைத்துப் பார்த்தவர் இருந்தார், எனக்குத் தெரியும்.

எப்படிச் சரிபார்த்தார் என்பதையும் சொல்லவேண்டும். டிக்கெட் எண்ணிக்கையில் எல்லாருக்கும் ஒரு கள்ளம் இருந்தது. கேளிக்கை வரிச் சட்டம் 1939-லேயே வந்தது. வரி ஆபீஸில் முத்திரை வாங்கிய டிக்கெட்டைத்தான் அப்போது கிழிக்க வேண்டும். ஒரு டிக்கெட்டை மறைத்தால் வரியும் மிச்சம், விநியோகஸ்தர் பங்கும் மிச்சம். எப்படி மறைப்பீர்கள் என்று நான் இங்கே எழுதப் போவதில்லை, உங்களுக்கே தெரியும். அண்ணாச்சி டிக்கெட் கவுண்டருக்கே போகமாட்டார். நேரே சைக்கிள் ஸ்டாண்டுக்குப் போவார். ஸ்டாண்டைக் குத்தகைக்கு எடுத்தவனுக்கும் முதலாளிக்கும் எப்போதும் ஒத்துப் போகாது. அவன் டோக்கன் கணக்கை மறைக்காமல் சொல்லுவான். அடுத்தது கேண்டீன். சோடாக் கம்பெனிக்குக் காலி பாட்டிலை எண்ணித் திருப்பிக் கொடுத்தாக வேண்டும், குறைந்தால் காசு பிடிப்பார்கள். கிரேட் கிரேட்டாக அடுக்கியிருக்கும் கோலி சோடா பாட்டில்களை இடைவேளை முடிந்ததும் அண்ணாச்சி எண்ணுவார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, விரலால் ஒவ்வொரு கிரேட்டையும் தட்டித் தட்டி. 'சோடாக் கம்பெனிக்காரன ஒருத்தனும் ஏமாத்த முடியாதுலே' என்பார். பல வருஷத்துப் பழக்கத்தில் இத்தனை சைக்கிளுக்கு, இத்தனை சோடாவுக்கு, வெயில் காலமென்றால் இவ்வளவு, மழைக்காலமென்றால் இவ்வளவு தலை என்று மனசில் ஒரு வாய்பாடு வைத்திருந்தார். அது எந்த நோட்டிலும் இல்லை, அவரோடு போய்விட்டது.

தாளில் வசூல் மட்டும்தான் என்று நினைக்க வேண்டாம். எனக்குப் பிடித்தது மூன்றாம் பக்கத்து ஊர்க்கொடைப் பட்டியல், அதாவது ஊர்க் கோயில் திருவிழாக்களின் பட்டியல். பங்குனியிலிருந்து வைகாசி வரை, பிறகு ஆடி, ஆவணியில், நம் பக்கத்தில் சுடலைமாடன் கோயிலும் அம்மன் கோயிலும் கொடை கொடுக்காத ஊர் உண்டா? கொடை நடக்கிற செவ்வாய், வெள்ளி ராத்திரியில் வில்லுப்பாட்டும் கணியான் கூத்தும் நையாண்டி மேளமும் இருக்கும்போது செகண்ட் ஷோவுக்கு எவன் வருவான்? ஆனால் மறுநாள் மேட்னி கூடும். மதராஸிலிருந்தும் பம்பாயிலிருந்தும் கொடைக்கு வந்த சொந்தக்காரர்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு படத்துக்குப் போவார்கள். இதெல்லாம் தெரியாமல் புதுப்பெட்டியை அந்த வாரம் இறக்கினவர் கையைச் சுட்டுக்கொள்வார். அண்ணாச்சி இந்தப் பட்டியலை வில்லிசைப் புலவர்களின் டைரியைப் பார்த்துத்தான் தயாரித்தார். அவர்களுக்குத்தான் எந்த ஊரில் எந்தத் தேதிக்கு அச்சாரம் வாங்கியிருக்கிறோம் என்று முன்கூட்டியே தெரியும். கூத்துக்காரன் டைரியைப் பார்த்து சினிமாக்காரன் தேதி குறித்தான் என்பது எனக்கு இன்றைக்கும் சிரிப்பாக இருக்கிறது.

அதுபோலவே, தாமிரபரணிப் பாசனத்தில் கார் அறுவடையும் பிசான அறுவடையும் எந்த வாரம் முடியும், குற்றாலத்தில் சாரல் தொடங்கியாயிற்றா (தென்காசித் தியேட்டருக்கு அது தீபாவளி), முக்கூடல், ஆலங்குளம் பக்கம் பீடி சுற்றுகிற பெண்களுக்குச் சம்பளம் எந்தக் கிழமை, குலசேகரன்பட்டினம் தசராவுக்கு வேஷம் கட்டுகிறவர்கள் எப்போது ஊர் திரும்புவார்கள் என்றெல்லாம் சின்னச் சின்னதாக வரும். இந்த ஜில்லாவில் யார் கையில் எப்போது காசு புரண்டது என்று தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் அந்தத் தாளைத் தேடித்தான் வரவேண்டும். சினிமாவில் அக்கறையே இல்லாத ஆராய்ச்சிக்காரருக்கும் இது வேண்டியிருக்கும்.

நாலாம் பக்கம் வரி விளம்பரங்கள். ஆபரேட்டர் தேவை, லைசென்ஸ் உள்ளவர் மட்டும். பழைய புரொஜெக்டர் விற்பனைக்கு. ஆர்க் லேம்ப் கண்ணாடி வேண்டும். கார்பன் குச்சி ஸ்டாக் உள்ளது. கொட்டகை வேய ஓலை. கேண்டீன் குத்தகைக்கு. ஒரு மூலையில், கட்டம் கட்டி, இறந்துபோன ஆபரேட்டர்களுக்கும் போஸ்டர் ஒட்டுகிறவர்களுக்கும் நாலு வரி. பெரிய பத்திரிகைகளில் அவர்கள் பெயர் வந்ததில்லை. 'தினமலர்' 1957-ல் திருவனந்தபுரத்திலிருந்து திருநெல்வேலிக்கு வந்த ஊர் இது, பத்திரிகைக்குப் பஞ்சமில்லை. இருந்தாலும் 24 வருஷம் கார்பன் புகையைச் சுவாசித்துச் செத்துப்போன ஒரு ஆபரேட்டரைப் பற்றி எழுத எங்கள் தாள்தான் இருந்தது. அந்த நாலு வரியை வெட்டி பர்ஸில் வைத்திருந்த ஒரு அம்மாவை நான் பார்த்திருக்கிறேன்.

இனி எப்படிச் செத்தது என்பதற்கு வருகிறேன். இதில் உங்களுக்கும் பங்குண்டு, எனக்கும் உண்டு.

டி.வி.யையும் கேபிளையும் எல்லாரும் சொல்வார்கள். அது நிஜம்தான். வீடியோ கேசட் வந்தபோதே டூரிங் கொட்டகைகள் ஆட்டம் கண்டன. 1993-ல் சன் டி.வி. வந்ததும் சி செண்டர்கள் வரிசையாகப் படுத்தன. ஒரு கொட்டகை பிரிந்தால் எங்களுக்கு ஒரு சந்தா போயிற்று. ரிஜிஸ்டரில் சிவப்பு மையால் கோடு போடுவது என் வேலை. ஒரு வருஷம் ரீஃபில் இரண்டு தடவை மாற்றினேன்.

ஆனால் அதனாலேயே தாள் சாகவில்லை. மிச்சமிருந்த தியேட்டர்களே போதும், நடத்தியிருக்கலாம்.

தொண்ணூறுகளின் பின்பாதியில், பெயர் சொல்ல விரும்பாத ஒரு விநியோகஸ்தர் அண்ணாச்சியைக் கூப்பிட்டு விட்டார். பெரிய விலைக்கு எடுத்த படம், பெரிய ஊர்களான ஏ செண்டரிலேயே இரண்டாம் வாரம் கூட்டமில்லை. கீழே விற்றால்தான் அவர் தலை தப்பும். 'ஆறு வாரத்துக்கு முழுப் பக்க விளம்பரம். முன்பணம் கையில். வசூல் பக்கத்தில இந்தப் படத்துக்குக் கொழுத்த சைபர் வேண்டாம்' என்றார். அவ்வளவுதான் கேட்டார். பொய்த் தொகை எழுதச் சொல்லவில்லை. அவர் சொல்கிற தொகையை மெலிந்த சைபரில் போடச் சொன்னார். பேப்பர்க் கடையில் எங்களுக்கு நாலு மாதப் பாக்கி. அண்ணாச்சி ரொம்ப நேரம் பேசாமல் இருந்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அந்தப் பணக் கவரை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு டவுன் பஸ் ஏறியவன் நான்தான். அன்றைக்கு நான் 'வேண்டாம் அண்ணாச்சி' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் கேட்டிருப்பார். எனக்கும் அதில் இரண்டு மாதச் சம்பள பாக்கி வரவேண்டியிருந்தது.

மெலிந்த சைபரை நம்பி நாலு சி செண்டர்காரர்கள் எம்.ஜி. கட்டினார்கள். ஒருவர் மனைவியின் வளையலை அடகு வைத்துக் கட்டினார் என்று பிறகு கேள்விப்பட்டோம். அவர் வந்து சண்டை போட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. வரவில்லை. வருஷ சந்தாவைப் புதுப்பிக்கவும் இல்லை.

அதற்குப் பிறகு மற்ற விநியோகஸ்தர்களும் அதையே கேட்டார்கள். 'அவருக்குச் செஞ்சீரு, எனக்குச் செய்யமாட்டீரா?' நீங்கள், முதலாளிமார், இன்னொரு பக்கம் கதவைச் சாத்தினீர்கள். சைக்கிள் போய் மோட்டார் சைக்கிள் வந்ததும் ஸ்டாண்டை நீங்களே எடுத்து நடத்தினீர்கள், டோக்கன் கணக்கு வெளியே வரவில்லை. கோலி சோடா போய்ப் பிளாஸ்டிக் பாட்டில் வந்தது, எண்ணிக் கொடுக்கக் காலி பாட்டில் இல்லை. ரெப்புகளுக்கு 'தாள்காரனிடம் பேசாதே' என்று உத்தரவு. 2006-ல் தமிழில் பெயர் வைத்த படங்களுக்குக் கேளிக்கை வரி விலக்கு வந்தபோது, 'பொய் சொல்ல ஒரு காரணம் கொறஞ்சுது, இனி வாய் திறப்பாங்க' என்று அண்ணாச்சி ஆசைப்பட்டார். நீங்கள் திறக்கவில்லை. பழக்கம் விடுமா?

இதற்கு நடுவில் பிரஸ்ஸும் மாறியது. டிரெடில் போய் கம்ப்யூட்டர் டி.டி.பி., ஆஃப்செட். அழகாக இருந்தது தாள், பளபளவென்று. ஆனால் கம்ப்யூட்டரில் எல்லாச் சைபரும் ஒரே மாதிரிதான் இருக்கும். வேண்டுமென்றால் தடித்த எழுத்தில் போட்டிருக்கலாம். டி.டி.பி. செய்த பையன் கேட்கவும் செய்தான். அண்ணாச்சி, 'வேண்டாம்பா, இருக்கட்டும்' என்றார். நான் அருகில்தான் நின்றேன். 1978-ல் அரசு எழுத்துச் சீர்திருத்தம் வந்தபோது, பழைய தும்பிக்கை 'லை', 'னை' அச்சுகளைத் தூக்கிப்போட மனசில்லாமல் வருஷக்கணக்காக வைத்துக் கோர்த்த கம்பாசிட்டர் ஒருவர் எங்களிடம் இருந்தார். அவர் அந்த 'ஓ' அச்சுகளைக் காகிதத்தில் பொட்டலம் கட்டி அண்ணாச்சி மேசையில் வைத்துவிட்டுப் போனார். பொட்டலம் பிரிக்கப்படவே இல்லை.

கடைசி அடி டிஜிட்டல். பெட்டியே இல்லாமல் போயிற்று. கட்டபொம்மன் போக்குவரத்துக் கழக பஸ் டாப்பில் தகரப் பெட்டியை ஏற்றி, கண்டக்டருக்கு டீக்காசு கொடுத்து, 'ரெண்டாவது பெட்டி இன்னும் வரலை' என்று ஆபரேட்டர் கைபிசைய, உள்ளே விசில் பறக்க நின்ற காலம் முடிந்தது. படம் கியூப், யு.எஃப்.ஓ. என்ற டிஜிட்டல் கம்பெனிகள் வழியாக நேரே வந்து இறங்கியது. வெள்ளிக்கிழமை காலையில் சென்னையில் போடுகிற நேரத்துக்கே சுரண்டையிலும் போடலாம். நல்லதுதான், சுரண்டைக்காரன் ஏன் ஒரு வருஷம் காத்திருக்க வேண்டும்? ஆனால் மேலே ஓடியதைப் பார்த்துக் கீழே எடுப்பது என்ற வியாபாரமே அதோடு ஒழிந்தது. மூன்று நாளில் படம் முடிந்துவிடுகிறது. வியாழக்கிழமை வருகிற தாள் யாருக்கு? அடுத்த வெள்ளிக்கு முன்னால் படமே இருக்காது. தாளுக்கு உயிர் கொடுத்ததே அந்தக் காத்திருப்புதான். அண்ணாச்சி அதை உங்களுக்கெல்லாம் முன்னால் புரிந்துகொண்டார். ஒரு புதன்கிழமை சாயங்காலம், 'இந்த வாரம் வேண்டாம்' என்றார். அடுத்த வாரமும் அதையே சொன்னார். அறிவிப்பு இல்லை, விடைபெறும் தலையங்கம் இல்லை.

அதற்கப்புறம் நடந்ததெல்லாம் நீங்கள் பட்டது. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி.யோடு உள்ளாட்சிக் கேளிக்கை வரியும் சேர்ந்து விழ, மூன்றாம் தேதி முதல் நாலு நாள் தியேட்டரை மூடினீர்கள். 2018 மார்ச்சில் டிஜிட்டல் கட்டணத் தகராறில் புதுப்படமே வரவில்லை. 2020 மார்ச்சில் கொரோனாவுக்கு மூடி நவம்பர் 10-ல் பாதி சீட்டோடு திறந்தீர்கள். ஒவ்வொரு தடவையும் அரசாங்கத்திடம் போய் 'எங்களுக்கு நஷ்டம்' என்றீர்கள். 'பழைய கணக்கைக் காட்டுங்கள், எவ்வளவு இறங்கியிருக்கிறது' என்று கேட்டால் எதைக் காட்டுவீர்கள்? இந்தக் கேள்வியை மட்டும் யோசித்துப் பாருங்கள்.

லண்டனில் நாடகக்காரர்களுக்கென்றே 'தி எரா' என்று ஒரு பத்திரிகை 1838 முதல் 1939 வரை வந்தது. 1880-ல் தொடங்கிய 'தி ஸ்டேஜ்' இன்றைக்கும் வருகிறது. எந்த ஊர் அரங்கில் யார், எப்போது நடித்தார் என்று தேடுகிறவர்கள் அந்தப் பழைய பக்கங்களைத்தான் புரட்டுகிறார்கள். நம் மண்ணுக்கும் அந்த யோக்கியதை இருந்தது. நாடகத் தமிழுக்கே ஆசானான சங்கரதாஸ் சுவாமிகள் தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். கிட்டப்பா செங்கோட்டைக்காரர். அவர்கள் காலத்து நோட்டீஸ் கிடைத்தால் நாடகத்தின் பெயர் தெரியும், ராஜபார்ட் யாரென்று தெரியும். எத்தனை பேர் காசு கொடுத்து வந்தார்கள், கொட்டகைக்காரருக்கு என்ன மிஞ்சியது என்று நோட்டீஸ் சொல்லாது. தொழில் பத்திரிகைதான் அதைச் சொல்லும்.

எங்கள் மேலும் தப்பு உண்டு. 1954-ம் வருஷத்து நூலக ஒப்படைப்புச் சட்டம், 1956-ல் பத்திரிகைகளையும் சேர்த்துக்கொண்டது. ஒவ்வொரு இதழும் கன்னிமாரா போன்ற பொது நூலகங்களுக்கு ஒரு பிரதி போயிருக்க வேண்டும். நாங்கள் அனுப்பவில்லை. தபால் செலவு என்றும், இதை எவன் படிப்பான் என்றும் அலட்சியம். அண்ணாச்சிக்கு இதில் நம்பிக்கையே இல்லை. 'இது மீன் விலை மாதிரிலே, நாளைக்கு நாறிப்போகும்' என்பார். அவர் சொன்னதை அன்றைக்கு நானும் ஒத்துக்கொண்டேன். கோட்டையூரில் ரோஜா முத்தையா நாடக நோட்டீஸும் பாட்டுப் புத்தகமும் சேர்த்தபோது அவரைப் பற்றியும் அப்படித்தான் பேசியிருப்பார்கள். அவர் சேர்த்ததுதான் இன்றைக்குச் சென்னையில் ஓர் ஆராய்ச்சி நூலகமாக நிற்கிறது.

ஆகையால் கேட்கிறேன். தியேட்டரை இடித்துக் கல்யாண மண்டபம் கட்டுகிறீர்கள், குடோனுக்கு வாடகைக்கு விடுகிறீர்கள், மல்டிபிளக்ஸ் ஆக்குகிறீர்கள். செய்யுங்கள், உங்கள் சொத்து. ஆனால் ஜே.சி.பி. வருமுன் மேனேஜர் அறையை ஒரு தடவை திறந்து பாருங்கள். எங்கள் தாள் ஒன்றிரண்டு கிடந்தாலும் எடுத்து வையுங்கள். டி.சி.ஆர். புத்தகம், ஷிஃப்டிங் நோட்டு, ஆபரேட்டர் லைசென்ஸ் நகல், கிழிக்காத டிக்கெட் புத்தகம், எது கிடந்தாலும் சரி. பழைய கணக்கைக் காட்டினால் வரிக்காரன் வருவானோ என்று யாராவது பயந்தால், ஏடுகளை உங்கள் ஆடிட்டரிடம் காட்டிவிட்டே கொடுங்கள். தொகையை வைத்து யாரையும் குற்றம் சொல்ல நான் புறப்படவில்லை. சொல்வதானால் முதலில் என்னைத்தான் சொல்ல வேண்டும்.

கரையான் அரித்திருந்தாலும் பரவாயில்லை, எலி கடித்திருந்தாலும் பரவாயில்லை. ஈரமாக இருந்தால் மட்டும் தயவுசெய்து வெயிலில் போடாதீர்கள். நிழலில், காற்றோட்டத்தில், தாளுக்குத் தாள் பழைய செய்தித்தாளைச் சொருகி வையுங்கள். நாங்கள் வெயிலில் போட்டுத்தான் செங்கலாக்கினோம்.

கன்னியாகுமரியிலிருந்து கோவில்பட்டி வரை எந்த ஊரானாலும் நானே வருகிறேன். காலையில் வருவேன், முதலாளி குளித்து முடிக்கும் வரை கேட்டிலேயே உட்கார்ந்திருப்பேன், எனக்குப் பழக்கம்தான். படம் எடுத்துக்கொண்டு ஏட்டைத் திருப்பிக் கொடுத்துவிடச் சொன்னாலும் சரி. பாளையங்கோட்டை அரசு அருங்காட்சியகத்துக்கோ பல்கலைக்கழகத்துக்கோ உங்கள் பெயரிலேயே கொடுக்கிறீர்கள் என்றாலும் மகிழ்ச்சி.

ஏடு கிடைத்தால் நான் முதலில் பார்க்கப் போவது தொகையை அல்ல. வெள்ளத்தில் பிளைவுட் பெட்டியோடு கிடந்த அண்ணாச்சியின் மேசையைச் சுத்தம் செய்தபோது, இழுப்பறையில் அந்தக் கம்பாசிட்டர் கட்டிக்கொடுத்த பொட்டலம் அகப்பட்டது. காகிதம் கரைந்துபோயிருந்தது, ஈய அச்சுக்கு ஒன்றும் ஆகவில்லை. எண்ணினேன், 38 'ஓ'. இப்போது என் சட்டைப்பையில் ஒன்று இருக்கிறது. உங்கள் தாளில் விழுந்திருக்கும் சைபரோடு வைத்துப் பார்க்க வேண்டும்.

இப்படிக்கு,
தாள்காரப் பையன்
திருநெல்வேலி டவுன்